173 நாள்: இணையவழிச் சூதாட்டத் தடைச் சட்டமுன்வடிவு சட்டமான வழி

பள்ளிக் குடிமையியல் பாடநூலில் சட்டம் இயற்றும் முறையை விளக்கும் படம் ஒன்று இருக்கும். அறிமுகம், விவாதம், பிரிவுவாரி ஆய்வு, வாக்கெடுப்பு, ஒப்புதல் என்று ஒரே அளவுள்ள ஐந்து கட்டங்களை அம்புக்குறிகள் இணைத்திருக்கும். தமிழ்நாடு இணையவழிச் சூதாட்டத்தைத் தடை செய்தல் மற்றும் இணையவழி விளையாட்டுகளை ஒழுங்குமுறைப்படுத்துதல் சட்டமுன்வடிவை எடுத்துக்கொண்டால், முதல் நான்கு கட்டங்களும் ஒரே நாளில், 2022 அக்டோபர் 19 அன்று, முடிந்துவிட்டன. ஐந்தாவது கட்டம் முடிந்து அது அரசிதழில் வெளியானது 2023 ஏப்ரல் 10 அன்று. இடைப்பட்ட 173 நாளில் அந்தச் சட்டமுன்வடிவு ஒருமுறை காத்திருந்தது, ஒருமுறை திரும்பி வந்தது, எழுத்து மாறாமல் மீண்டும் நிறைவேறியது. ஆளுநரின் ஒப்புதல் பற்றிய அரசியல் வாதங்கள் அப்போது நிறையவே எழுதப்பட்டன. அவற்றை ஒதுக்கிவைத்து, நடைமுறையின் எந்த மூட்டில் அது சிக்கியது, எந்த விதியால் விடுபட்டது, சட்டமான பிறகும் ஏன் ஓரிடத்தில் உடைந்தது என்பதை மட்டும் இங்கே பார்க்கலாம்.

முன்கதை

தமிழ்நாட்டில் சூதாட்டத்தைத் தடுக்கும் சட்டம் புதிதன்று. 1930-ஆம் ஆண்டின் விளையாட்டுச் சட்டம் சென்னை மாகாணக் காலத்திலிருந்தே நடப்பில் உள்ளது. ஆனால் அது சூதாட்ட விடுதி என்ற ஓர் இடத்தை மனத்தில் கொண்டு எழுதப்பட்டது. கைப்பேசித் திரை ஒரு விடுதியாகும் என்று அதை எழுதியவர்கள் நினைத்திருக்க வழியில்லை. இணையவழி ரம்மியில் பணத்தை இழந்தவர்கள் உயிரை மாய்த்துக்கொள்ளும் செய்திகள் அடுத்தடுத்து வந்த நிலையில், 2020 நவம்பரில் அன்றைய அதிமுக அரசு ஓர் அவசரச் சட்டத்தைக் கொண்டுவந்தது. 2021 பிப்ரவரியில் பேரவை அதற்குச் சட்ட வடிவம் தந்தது. பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டம் எதுவாயினும், அது திறனைச் சார்ந்ததாக இருந்தாலும்கூட, தடை என்பதே அதன் சாரம்.

அந்தச் சட்டம் ஆறு மாதம்கூட நிலைக்கவில்லை. 2021 ஆகஸ்ட் 3 அன்று தலைமை நீதிபதி சஞ்ஜிப் பானர்ஜி, நீதிபதி செந்தில்குமார் ராமமூர்த்தி ஆகியோர் அடங்கிய சென்னை உயர் நீதிமன்ற அமர்வு அதை ரத்து செய்தது. சூதாட்டம் மாநிலப் பட்டியலின் 34-ஆவது இனத்தில் இருப்பது உண்மையே என்றாலும், திறன் மேலோங்கிய ஆட்டத்தைச் சூதாட்டம் என்று பெயரிட்டுத் தடைசெய்ய முடியாது என்பதே அந்தத் தீர்ப்பின் அடிப்படை. இதற்குப் பின்னே உச்ச நீதிமன்றத்தின் இரண்டு பழைய தீர்ப்புகள் நின்றன. 1968-இல் ஆந்திரப் பிரதேச அரசுக்கும் சத்தியநாராயணாவுக்கும் இடையிலான வழக்கில் ரம்மி பெருமளவு திறன் சார்ந்தது என்று சொல்லப்பட்டிருந்தது. 1996-இல் சென்னைக் குதிரைப் பந்தயம் தொடர்பான லட்சுமணன் வழக்கில் திறனுக்கும், அதிர்ஷ்டம் எனும் வாய்ப்புக்கும் இடையிலான கோடு இன்னும் தெளிவாக வரையப்பட்டது. ஒழுங்குமுறை விதிகளோடு முறையான வேறொரு சட்டம் இயற்ற அரசுக்குத் தடையில்லை என்பதையும் உயர் நீதிமன்றம் 2021-லேயே சொல்லியிருந்தது. இந்த வரியை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்; பின்னால் வரும் சிக்கல் அனைத்துக்கும் வேர் இங்கேதான் இருக்கிறது.

வரைவு உருவான விதம்

ஆட்சி மாறியபின் திமுக அரசு இரண்டு வழிகளிலும் நடந்தது. ஒருபுறம் உச்ச நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்தது. மறுபுறம் 2022 ஜூனில் ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் குழு அமைத்தது. தொழில்நுட்ப அறிஞர், மனநல மருத்துவர், காவல்துறை உயர் அதிகாரி ஆகியோரைக் கொண்ட அந்தக் குழு அந்த மாத இறுதிக்குள்ளேயே அறிக்கையை முதலமைச்சரிடம் கொடுத்துவிட்டது. ஆகஸ்டில் பொதுமக்களின் கருத்து மின்னஞ்சல் வழியாகக் கேட்கப்பட்டது. விளையாட்டு நிறுவனங்களின் தரப்பும் கேட்கப்பட்டது. செப்டம்பர் இறுதியில் அமைச்சரவை அவசரச் சட்ட வரைவுக்கு இசைவளித்தது.

நாடாளுமன்ற முறையில் ஒரு சட்டத்தின் உண்மையான உருவாக்கம் அவைக்கு வெளியேதான் நடக்கிறது என்று சொல்வதுண்டு. இந்த வழக்கில் அது மிகையன்று. எந்த ஆட்டத்தைத் தடைக்குரிய அட்டவணையில் சேர்ப்பது, யாருக்கு எவ்வளவு தண்டனை, இணைய விளையாட்டுகளை ஒழுங்குபடுத்தும் ஆணையத்தின் தலைவராக யார் இருப்பது என்ற முடிவுகள் எல்லாம் உள்துறையிலும் சட்டத்துறையிலும் அமைச்சரவைக் கூட்டத்திலும் எடுக்கப்பட்டவை. விளையாடுபவருக்கு மூன்று மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், விளம்பரம் செய்வோருக்கு ஓராண்டு வரை சிறை அல்லது 5 லட்சம் ரூபாய் வரை அபராதம், ஆட்டத்தை வழங்கும் நிறுவனத்தாருக்கு மூன்றாண்டு வரை சிறை அல்லது 10 லட்சம் ரூபாய் வரை அபராதம், தேவைப்பட்டால் இவற்றில் இரண்டும் என்ற தண்டனை அளவு அந்த வரைவில் வகுக்கப்பட்டதே கடைசிவரை நின்றது. ரம்மியையும் போக்கரையும் பெயர் சொல்லி, வாய்ப்பு சார்ந்த ஆட்டங்கள் என்று அட்டவணையில் சேர்த்ததும் அந்த வரைவுதான்.

அவசரச் சட்டம் எனும் கடிகாரம்

பேரவை கூடாத காலத்தில் அமைச்சரவையின் ஆலோசனைப்படி ஆளுநர் அவசரச் சட்டம் பிறப்பிக்க அரசமைப்புச் சட்டத்தின் 213-ஆவது பிரிவு இடம் தருகிறது. 2022 அக்டோபர் 1 அன்று ஆளுநர் ஆர்.என். ரவி இந்த அவசரச் சட்டத்துக்கு ஒப்புதல் அளித்தார். அக்டோபர் 3 அன்று அது அரசிதழில் வெளியானது. பின்னாளில் அதே பொருளின் மீதான சட்டமுன்வடிவு மாதக்கணக்கில் நின்றபோது, பலர் வியந்து கேட்ட கேள்வி இதிலிருந்தே பிறந்தது: அவசரச் சட்டத்துக்குச் சில நாளிலேயே கிடைத்த கையெழுத்து, அதையே சட்டமாக்கும் முன்வடிவுக்கு ஏன் கிடைக்கவில்லை?

அவசரச் சட்டத்துக்கு ஆயுள் குறைவு. பேரவை மீண்டும் கூடிய நாளிலிருந்து ஆறு வாரம் முடிந்ததும் அது தானாகவே செயலிழக்கும். பேரவை 2022 அக்டோபர் 17 அன்று கூடியது. எனவே நவம்பர் 27-ஆம் தேதியோடு அவசரச் சட்டம் காலாவதியாகும் என்பது அக்டோபரிலேயே எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. அதற்குள் சட்டமுன்வடிவு நிறைவேறி, ஒப்புதல் பெற்று, அரசிதழில் ஏறினால் தொடர்ச்சி அறுபடாது. அரசு மூன்று நாள் கூட்டத்தொடரிலேயே அவசரமாக முன்வடிவைக் கொண்டுவந்ததற்குக் காரணம் இந்தக் கடிகாரம்தான்.

அக்டோபர் 19: அவையில்

சட்ட அமைச்சர் எஸ். ரகுபதி முன்வடிவைக் கொண்டுவந்தார். நடைமுறை விதிகளின்படி, ஒரு முன்வடிவை அறிமுகம் செய்ய முதலில் அவையின் அனுமதி கோரப்படுகிறது; அடுத்து அதை ஆய்வுக்கு எடுத்துக்கொள்ள வேண்டும் என்ற தீர்மானம் வருகிறது; கொள்கை அளவிலான விவாதம் இந்தக் கட்டத்தில்தான் நடைபெறும். பின்பு ஒவ்வொரு பிரிவும் முன்வடிவின் பகுதியாக இருக்க வேண்டுமா என்று பேரவைத் தலைவர் தனித்தனியே அவையின் முடிவைக் கேட்பார். உறுப்பினர் எவரேனும் திருத்தம் கொடுத்திருந்தால் அது இங்கே எடுத்துக்கொள்ளப்படும். இறுதியில் முன்வடிவு நிறைவேற்றப்பட வேண்டும் என்ற தீர்மானம். வாக்கெடுப்புக்குத் தனியே யாரும் கோராவிட்டால் எல்லாமே குரல் வாக்கெடுப்பில் முடிந்துவிடும். இந்த முன்வடிவும் அப்படித்தான் முடிந்தது.

1986-இல் மேலவை கலைக்கப்பட்ட பிறகு தமிழ்நாட்டில் ஓர் அவைதான். இன்னோர் அவை நிதானமாகப் படித்துப் பார்க்கும் வாய்ப்பு இங்கே கிடையாது. அதற்கு ஈடாக இருக்கக்கூடியது, உறுப்பினர் சிலர் கூடி முன்வடிவை ஆராயும் தேர்வுக் குழு. முன்வடிவை அந்தக் குழுவுக்கு அனுப்ப விதிகளில் இடமுண்டு, ஆனால் அனுப்பப்படவில்லை. ஆறு வாரக் கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கையில் அனுப்புவதும் இயலாது என்று அரசுத் தரப்பு சொல்லலாம். அது நியாயமான பதில்தான். ஆயினும் அந்தக் கடிகாரத்தை முடுக்கியது அவசரச் சட்டம் என்ற தேர்வு. அந்தத் தேர்வு அரசினுடையது. முதன்மை எதிர்க்கட்சியின் எடப்பாடி பழனிசாமி தரப்பு உறுப்பினர்கள் முந்தைய நாள் இருக்கை ஒதுக்கீடு தொடர்பான அமளியில் வெளியேற்றப்பட்டு, அன்று வள்ளுவர் கோட்டத்தில் உண்ணாவிரதம் இருக்க முயன்றார்கள். 2021-ஆம் ஆண்டின் சட்டத்தைக் கொண்டுவந்து, அது நீதிமன்றத்தில் விழுந்ததைப் பார்த்த கட்சி அது. ரம்மி அட்டவணையைப் பற்றிக் கூர்மையாகக் கேட்கத்தக்கவர்கள் அன்று அவையிலேயே இல்லை.

கூடிய விரைவில்

நிறைவேறிய முன்வடிவில் பேரவைத் தலைவர் கையொப்பமிட்டுச் சான்றளித்த பிறகு அது சட்டத்துறை வழியாக ஆளுநர் மாளிகைக்குப் போகிறது. அங்கிருந்து ஆளுவது 200-ஆவது பிரிவு. ஆளுநர் ஒப்புதல் தரலாம், ஒப்புதலை நிறுத்திவைக்கலாம், குடியரசுத் தலைவரின் பரிசீலனைக்கு ஒதுக்கிவைக்கலாம். இந்த மூன்றோடு ஒட்டிவரும் முதல் காப்புவாசகம், அதாவது நிபந்தனை வாசகம், நான்காவதாக ஒன்றைச் சொல்கிறது: பணச் சட்டமுன்வடிவாக இல்லாவிட்டால், மறுபரிசீலனை கோரும் செய்தியோடு கூடிய விரைவில் அதை அவைக்குத் திருப்பி அனுப்பலாம்; அவை அதைத் திருத்தத்தோடோ திருத்தமின்றியோ மீண்டும் நிறைவேற்றி அனுப்பினால், ஆளுநர் ஒப்புதலை நிறுத்திவைக்கலாகாது.

இதில் எத்தனை நாள் என்ற எண் எங்கும் இல்லை. அவசரச் சட்டத்துக்கு ஆறு வாரம் என்று துல்லியமாகக் கணக்கிட்டுச் சொன்ன அதே அரசமைப்புச் சட்டம், ஒப்புதலுக்கு வரும்போது "கூடிய விரைவில்" என்பதோடு நின்றுவிடுகிறது. குடியரசுத் தலைவருக்கான இணைப் பிரிவின் வரைவில் முதலில் ஆறு வாரம் என்றே இருந்தது; 1949-இல் அரசமைப்பு நிர்ணய சபையில் அம்பேத்கர் கொண்டுவந்த திருத்தத்தால் அது "கூடிய விரைவில்" என்று மாறியது. ஆறு வாரம் என்று எழுதினால் ஆறாவது வாரம் வரை இழுப்பார்கள், விரைவில் என்று எழுதினால் உடனே முடிப்பார்கள் என்ற நம்பிக்கை அதில் இருந்திருக்கிறது. சபையின் உறுப்பினர் எச்.வி. காமத் அதை அன்றே எதிர்த்தார்.

நம் முன்வடிவு அக்டோபர் இறுதியில் ஆளுநர் மாளிகையை அடைந்தது. நவம்பர் 24 அன்று, அதாவது அவசரச் சட்டம் காலாவதியாக மூன்று நாள் இருக்கும்போது, ஆளுநர் விளக்கம் கேட்டார். அரசு மறுநாளே பதில் அனுப்பியது. நவம்பர் 27 கடந்துபோனது; அவசரச் சட்டம் இல்லாமலாயிற்று. டிசம்பர் 1 அன்று சட்ட அமைச்சர் ஆளுநரை நேரில் சந்தித்தார். அதன்பின் மூன்று மாதம் எதுவும் நடக்கவில்லை. அந்த இடைவெளியில் ஒன்றிய அரசு, இணையவழி விளையாட்டு என்ற பொருளைத் தன் மின்னணுவியல் மற்றும் தகவல் தொழில்நுட்ப அமைச்சகத்திடம் ஒப்படைத்து, வரைவு விதிகளையும் வெளியிட்டது. மாநிலத்தின் அதிகாரம் குறித்த கேள்விக்குக் காத்திருப்பே ஒரு புதிய கனத்தைச் சேர்த்தது.

2023 மார்ச் இரண்டாம் வாரத் தொடக்கத்தில் முன்வடிவு திரும்பி வந்தது. இப்பொருளில் சட்டம் இயற்றப் பேரவைக்கு அதிகாரமில்லை என்பதே சொல்லப்பட்ட காரணம்.

திரும்பி வந்ததே திறவுகோல்

அன்று பலரும் இதை அரசுக்கு நேர்ந்த தோல்வியாக எழுதினார்கள். சட்டப்படி பார்த்தால் நேர்மாறாகத்தான் சொல்ல வேண்டும். முன்வடிவு ஆளுநர் மாளிகையில் கிடந்தவரை பேரவையால் எதுவும் செய்ய இயலாது. திருப்பி அனுப்பிய கணத்திலேயே முதல் காப்புவாசகம் உயிர்பெறுகிறது. அதன்பின் பேரவை ஒருமுறை ஆம் என்று சொன்னால் போதும், ஒப்புதலை மறுக்கும் கதவு அடைபட்டுவிடும். ஆளுநர் காரணம் எழுதித் திருப்பியதன் வழியாகத் தம் அதிகாரத்தின் எல்லையைத் தாமே நெருங்கினார்.

மார்ச் 23 அன்று இம்முறை முதலமைச்சர் மு.க. ஸ்டாலினே முன்வடிவை மீண்டும் கொண்டுவந்தார். பந்தயமும் சூதாட்டமும் மாநிலப் பட்டியலில் உள்ளவை என்று ஒன்றிய அமைச்சர் அனுராக் தாக்கூர் மக்களவையில் தந்திருந்த பதிலை அவர் எடுத்துக்காட்டினார். கட்சி வேறுபாடின்றி ஆதரவு இருந்தது. ஓ. பன்னீர்செல்வத்துக்குப் பேச வாய்ப்புத் தந்ததை எதிர்த்துப் பழனிசாமி தரப்பு எழுப்பிய கூச்சலே அன்றைய விவாதத்தின் அதிகச் சூடான பகுதி. அதற்கும் சூதாட்டத்துக்கும் தொடர்பில்லை. முன்வடிவு ஒரு சொல்கூட மாறாமல் மீண்டும் நிறைவேறியது.

மறுபரிசீலனை என்பதன் பொருள் என்ன என்று இங்கே நின்று கேட்க வேண்டியிருக்கிறது. ஆளுநரின் காரணம் சரியோ தவறோ, அவைக்கு இரண்டாம் முறை படித்துப் பார்க்கும் வாய்ப்பு வந்தது. திருத்தத்தோடு நிறைவேற்றினாலும் ஆளுநரைக் கட்டுப்படுத்தும் ஆற்றல் குறையாது என்று அந்தக் காப்புவாசகமே சொல்கிறது. 2021-ஆம் ஆண்டுத் தீர்ப்பு சுட்டிக்காட்டிய அதே இடத்தில், அதாவது ரம்மியையும் போக்கரையும் வாய்ப்பு ஆட்டங்கள் என்று சட்டமே தீர்மானித்துவிடும் அட்டவணையில், ஒரு மாற்றம் செய்திருந்தால் முன்வடிவு பலப்பட்டிருக்கும். ஆனால் அன்றைய அரசியல் சூழலில் ஒரு சொல்லை மாற்றினாலும் ஆளுநருக்குப் பணிந்ததாகப் பொருள்படும் என்ற எண்ணம் மேலோங்கியது. அந்தத் தயக்கம் புரிகிறது. ஆனால் அதன் விலையைப் பின்னர் கொடுக்க நேர்ந்தது.

ஏப்ரல் முதல் வாரத்தில், குடிமைப் பணித் தேர்வுக்குப் படிக்கும் மாணவர்களிடம் பேசிய ஆளுநர், ஒரு முன்வடிவு நிறுத்திவைக்கப்பட்டதென்றால் அது செத்துவிட்டதாகவே பொருள் என்ற கருத்தில் பேசினார். ஏப்ரல் 10 அன்று பேரவை, ஆளுநரின் செயலை அவையில் விவாதிக்கத் தடைசெய்யும் விதியை முதலில் தளர்த்தியது; 144 பேர் ஆதரவாகவும் 2 பேர் எதிராகவும் வாக்களித்தனர். பின்பு, ஆளுநர்கள் ஒப்புதல் தரக் காலவரம்பு நிர்ணயிக்குமாறு ஒன்றிய அரசையும் குடியரசுத் தலைவரையும் கோரும் தீர்மானம் நிறைவேறியது. இணையவழிச் சூதாட்டத் தடைச் சட்டத்துக்கு ஒப்புதல் அளிக்கப்பட்ட செய்தி அதே நாளில் வெளிவந்தது. மாநிலத்தின் 2023-ஆம் ஆண்டின் 9-ஆவது சட்டமாக அரசிதழில் ஏறிய அது, ஏப்ரல் 21 முதல் நடைமுறைக்கு வந்தது. ஒப்புதலும் நடைமுறைக்கு வருதலும் வேறு வேறு என்பதைச் செய்தி படிப்போர் அடிக்கடி மறந்துவிடுகிறார்கள்; ஒப்புதல் பெற்றபின் எந்த நாளிலிருந்து என்று அரசு தனியே அறிவித்தால்தான் இத்தகைய சட்டம் ஒருவரைக் கட்டுப்படுத்தும்.

நீதிமன்றத்தில் மீண்டும்

விளையாட்டு நிறுவனங்கள் வழக்குத் தொடுத்தன. 2023 நவம்பர் 9 அன்று தலைமை நீதிபதி எஸ்.வி. கங்காபூர்வாலா, நீதிபதி பி.டி. ஆதிகேசவலு அமர்வு தீர்ப்பளித்தது. சட்டம் இயற்றப் பேரவைக்கு அதிகாரம் உண்டு, சட்டம் செல்லும், ஆணையம் அமைத்து நேரக் கட்டுப்பாடும் வயது வரம்பும் விதிக்கலாம் என்று நீதிபதிகள் ஏற்றார்கள். ஆளுநர் எழுதிய காரணம் இதன்மூலம் பெரும்பகுதி வலுவிழந்தது. அதேவேளை ரம்மியையும் போக்கரையும் சேர்த்த அட்டவணையை ரத்து செய்தார்கள்; அவை திறன் சார்ந்தவை, தடை வாய்ப்பு ஆட்டங்களோடு நிற்கட்டும் என்றார்கள். இருமுறை நிறைவேறியும் ஒருமுறைகூட விவாதத்தின் மையத்துக்கு வராத அந்த அட்டவணைதான் விழுந்தது.

ஒப்புதல் பற்றிய கேள்வி வேறு முன்வடிவுகளோடு தொடர்ந்தது. 2023 நவம்பரில் ஆளுநர் திருப்பிய பத்து முன்வடிவுகளைப் பேரவை சிறப்புக் கூட்டத்தில் மீண்டும் நிறைவேற்றியது. அவற்றை ஆளுநர் குடியரசுத் தலைவருக்கு ஒதுக்கிவைத்தார். 2025 ஏப்ரல் 8 அன்று உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு அந்தச் செயல் செல்லாது என்று கூறி, பத்தும் ஒப்புதல் பெற்றதாகக் கருதப்படும் என்று தீர்ப்பளித்ததோடு காலவரம்புகளையும் வகுத்தது. குடியரசுத் தலைவர் 14 கேள்விகளோடு நீதிமன்றத்தின் கருத்தைக் கேட்டார். நவம்பர் 20 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு, நீதிமன்றம் காலவரம்பு விதிக்க இயலாது, கருதப்படும் ஒப்புதல் என்பதற்கும் இடமில்லை என்று கருத்துரைத்தது. அதோடு, அவைக்குத் திருப்பி அனுப்பாமல் ஒரு முன்வடிவை வெறுமனே நிறுத்திவைக்கும் வழி ஆளுநருக்கு இல்லை என்றும், காரணமின்றி நெடுங்காலம் வாளாவிருந்தால் முடிவெடுக்குமாறு மட்டும் நீதிமன்றம் பணிக்கலாம் என்றும் சொன்னது. 2023 மார்ச்சில் சூதாட்டத் தடை முன்வடிவுக்கு நடந்ததுதான், அதாவது காரணத்தோடு திரும்பி வருவதுதான், நிறுத்திவைத்தலின் ஒரே முறையான வடிவம் என்று இதன்மூலம் ஆகிறது. இந்த முன்வடிவு ஆளுநர் மாளிகையிலிருந்து திரும்பி வர ஆனதுபோல் அது 131 நாள் எடுக்கலாமா என்பதற்கு எண்ணளவில் இன்னும் விடையில்லை.

இதே பொருளில் நாடாளுமன்றம் 2025 ஆகஸ்டில் தானும் ஒரு சட்டம் இயற்றியது. பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டு அனைத்தையும், திறன், வாய்ப்பு என்ற வேறுபாடின்றித் தடைசெய்யும் அந்த முன்வடிவு, ஆகஸ்ட் 20 அன்று மக்களவையில் அறிமுகமாகி அன்றே அமளிக்கிடையே நிறைவேறியது. 21 அன்று மாநிலங்களவையில் நிறைவேறியது. 22 அன்று குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்றது. நாடாளுமன்றக் குழு எதற்கும் அது அனுப்பப்படவில்லை. அதை எதிர்த்து உயர் நீதிமன்றங்களில் தொடுக்கப்பட்ட வழக்குகள் உச்ச நீதிமன்றத்துக்கு மாற்றப்பட்டன. அவற்றிலும் எழுந்த வாதங்களுள் ஒன்று, ரம்மி திறன் ஆட்டமா என்பதுதான்.